வலது கன்னத்துக்கு மட்டும் ரூஜ்

ஜனவரி 17, வியாழன்

பனி. ஏரிப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, ரயில் ஊதியது மட்டும் கேட்டது. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. என் இரண்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பாதியும் கரும்பு தின்ற வாய்ப்புண்ணோடு.

மாலை தரகர் வந்தார். மகாபலிபுரத்துப் பையன் வீட்டார் பிப்ரவரி மூன்று, ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். பையன் பெயர் சண்முகம். அந்த ஊர் தபால் ஆபீசில் குமாஸ்தா. என் அப்பாவும் கோர்ட்டில் குமாஸ்தா. குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா, பொருத்தம் போதும்.

தரகர் படி இறங்கியதும் அம்மா என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். வலது கன்னத்தில், காதோரமாக, வெளுத்த ஓர் இடம். தீபாவளிக்கு நாலணா அளவு இருந்தது, இப்போது எட்டணா.

"தேமல்தான். அதுக்கின்னா இப்போ?" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லையே.

"அவங்க வர அன்னிக்கு மட்டும் தெரியாம பாத்துக்கோ. அப்பால அது பாட்டுக்குப் போயிடும்."

வயது இருபத்து நாலு. இதற்கு முன் வந்து, காபி குடித்து, பார்த்துவிட்டுப் போனவர்கள் இரண்டு வீடு. ஒருவருக்கு என் நிறம் போதவில்லை. இன்னொருவருக்கு நான் டீச்சராக இருப்பது பிடிக்கவில்லை. தங்கை வசந்தாவுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறாள். நான் நகர்ந்தால்தான் அவள் நகரலாம்.

ஆக வேலை: கன்னத்தை மறைப்பது.

ஜனவரி 19, சனி

அரை நாள் பள்ளிக்கூடம். வெயில் இருக்கும்போதே கொல்லையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஸ்நோ க்ரீம், மேலே பவுடர். வெளுத்த இடம் மறையவில்லை. மற்ற முகம்தான் அதற்குச் சமமாக வெளுத்தது. மாவு மிஷினில் வேலை பார்ப்பவள் மாதிரி. வசந்தா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யக்கா, மாப்பிள்ள பயந்துகினு வந்த பஸ்ஸுலயே ஏறிடுவாரு."

பிறகு அவளே யோசனை சொன்னாள்: வெள்ளைக்கு மேல் வெள்ளை போட்டு என்ன பயன், சிவப்புதான் வேண்டும், பட்டணத்தில் எல்லாரும் கன்னத்துக்குச் சிவப்பு போடுகிறார்கள். பட்டணத்துச் சித்தி வீட்டுக்கு ஒரு தடவை போய் வந்தாலும் வந்தாள், எல்லாம் தெரிந்துவிட்டது.

குங்குமமும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவினேன். நிறம் பரவாயில்லை. அடுப்பண்டை போனதும் வழிந்து ரவிக்கைக் கழுத்தில். அந்த ரவிக்கை இனி வீட்டோடு.

அம்மா: "இன்னாடி இது, கூத்தாடிச்சி கணக்கா!" மறைக்கச் சொன்னதும் இவள், திட்டுவதும் இவள்.

ஜனவரி 22, செவ்வாய்

பனி குறைவு. தெருவில் எலெக்‌ஷன் ஜீப், காது கிழிகிறது.

பீட்ரூட் சோதனை. வெட்டித் தேய்த்துக் காயவிட்டு, அப்படியே பள்ளிக்கூடம் போனேன். தைரியம்தான். முதல் மணியில் நன்றாக இருந்தது. இரண்டாவது மணியில் ஓரங்கள் காய்ந்து திட்டுத் திட்டாக. முதல் பெஞ்சு வாண்டு எழுந்து, "டீச்சர், உங்கள யாரு அறைஞ்சாங்க?" என்றது. பாவம், எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

கீழே விழுந்துவிட்டேன் என்றேன். பிள்ளைகளிடம் பொய் சொல்வது சுலபம் என்று நினைப்பவர்கள் சொல்லிப் பார்க்கட்டும்.

ஜனவரி 25, வெள்ளி

அடுத்த வீட்டில் பிரசவம் ஆகிப் பெண் வந்து இறங்கினாள். ஆரத்தி எடுத்தார்கள். தட்டில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பொறி தட்டியது. மஞ்சளும் சுண்ணாம்பும் எந்த வீட்டில் இல்லை! அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, மஞ்சள் தூளில் விட்டுக் குழைத்தேன். தண்ணீர் கொஞ்சமாகத்தான் விட்டேன், கெட்டியாக இருந்தால் ஒட்டும் என்று.

வலது கன்னத்தில் அந்த இடத்தில் மட்டும், இடதிலும் அதே அளவுக்குத் தடவினேன். இடது கன்னம் தீயாக எரிந்தது. கண்ணில் தண்ணீர். ஓடிப் போய்க் கழுவினேன், அதற்குள் தோல் வெந்து பொரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறேன்.

வலது கன்னத்தில் எரிச்சலே இல்லை. சாந்து பிடித்த மாதிரி அப்படியே பிடித்திருந்தது. நல்ல வேளை, போட வேண்டிய பக்கம் எரியவில்லை. வலது கன்னம் கெட்டி, சொன்ன பேச்சுக் கேட்கிறது என்று வசந்தாவிடம் சொன்னேன். அவளும் நல்லதுதான் என்றாள்.

அம்மா எண்ணெய் தடவும்போது இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜனவரி 27, ஞாயிறு

சித்தி பட்டணத்திலிருந்து வந்தாள். வசந்தா கடிதம் போட்டிருந்தாளாம். முறுக்கு, மல்லிகை, கன்னத்துச் சிவப்புக்கென்று ஒரு ரூஜ் டப்பா. பித்தளை நிறத்தில் வட்டமாக, உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி, பூசிக்கொள்ளப் பஞ்சு போல ஒரு பஃப். வாசனை இலந்தைப் பழம் மாதிரி.

சித்தி கற்றுக்கொடுத்தாள். முதலில் ஸ்நோ. காய வேண்டும். பஃபை ரூஜில் தொட்டு, உதறி, சிரித்தால் எங்கே மேடு வருமோ அங்கிருந்து காதை நோக்கி. தேய்க்கக் கூடாது, தட்ட வேண்டும். கடைசியில் பவுடர், ஊதினால் பறக்கிற அளவு.

மறைந்துவிட்டது! வெயிலில் பார்த்தேன், விளக்கில் பார்த்தேன். வெளுத்த இடம் இருந்த சுவடே இல்லை. இடது கன்னத்துக்குத் தேவையே இல்லை, சுண்ணாம்பு போட்ட சிவப்பு இன்னும் இருக்கிறது. சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். வலது கன்னத்துக்கு மட்டும் ரூஜ் போடும் பெண் மதராஸ் ராஜதானியிலேயே நீதான் என்றாள்.

வசந்தாவும் போட்டுக்கொண்டாள், அதே பஃபில். இரண்டு பேரும் கண்ணாடியில் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தோம். நான் அழகாகக்கூட இருந்தேன். ரொம்ப நாளாக அப்படி எனக்குத் தோன்றியதில்லை.

ஜனவரி 29, செவ்வாய்

ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்று பள்ளிக்கூடத்துக்குப் பெருநோய் ஆஸ்பத்திரியிலிருந்து, அதாவது குஷ்ட ஆஸ்பத்திரியிலிருந்து, ஒரு டாக்டரம்மாவும் நர்சும் வந்தார்கள், பிள்ளைகளின் தோலைச் சோதிக்க. அந்த ஆஸ்பத்திரிப் பேரை ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். 'அந்தப் பக்கம்' என்பார்கள். அந்த நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறவர்களுக்கு யாரும் நகர்ந்து இடம் விட மாட்டார்கள். நானும் விட்டதில்லை.

என் வகுப்பு முதலில். கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் தொட்டு, எங்கே தொட்டேன் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கண்ணாமூச்சி ஆடுகிற குஷி. நான் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் முதுகில் வெளுப்பு. இறகு பட்டதும் அவள் நெளிந்து சிரித்தாள்.

"இது தேமல், பயமில்ல," என்றார் டாக்டரம்மா. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "டீச்சருங்க தெரிஞ்சுக்கணும். தேமல்ல அரிப்பு இருக்கும், தொட்டா கூசும். மத்தது அரிக்காது. எரியாது. சூடு பட்டாக்கூடத் தெரியாது. வலி இல்லையேன்னு சந்தோஷமா வீட்டுல இருந்துடுவாங்க. அதுதான் ஆபத்து. சீக்கிரம் வந்தா மாத்திரை இருக்கு, தழும்புகூட இல்லாம போகும்."

எரியாது.

முன்பே கூப்பிட்ட பெயரையே மறுபடி கூப்பிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ், "இன்னா கோமதி, நின்னுகினே தூக்கமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போகும்போது டாக்டரம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ரூஜைப் பார்த்தாரா, அடியில் இருப்பதையா? பொதுவாகச் சொல்வது போல, "வெள்ளிக்கிழமை காலையில வெளியாளுங்களைப் பார்ப்போம். யார் வேணும்னாலும் வரலாம்," என்றார்.

ஜனவரி 30, புதன்

ஊக்கால் குத்திப் பார்த்தேன். இடது கன்னம்: துள்ளினேன். வலது: குத்தியது தெரியவில்லை. கண்ணாடியில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன்.

"தேமல்டி."

"வலிக்கலம்மா. சுண்ணாம்புக்குக்கூட எரியல."

"தேமல்டி. நான் சொல்றேன்ல?"

குரல் உயரவில்லை. எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெரியாதவள் கதவைச் சாத்த மாட்டாள்.

"மொதல்ல கல்யாணம் ஆவட்டும். அப்பால எந்த ஆஸ்பத்திரிக்கு வேணா போ. இப்ப வெளிய தெரிஞ்சா ஒனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. ரெண்டு பொண்ண வூட்டுல வெச்சுகினு நான் இன்னாடி பண்ணுவேன்?"

"அவருக்குத் தெரிய வேணாமா?"

"எவருக்கு? இன்னும் மூஞ்சிகூடப் பாக்கல, அதுக்குள்ள அவரா?"

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அம்மா சொல்வது சரிதான் என்று உள்ளே ஒரு மூலையில் தோன்றியது. அதையும் எழுதி வைக்கிறேன். அவள்மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

அப்பாவிடம் சொல்லக் கூடாதாம். அவருக்குக் கோர்ட்டில் வாய் நிற்காது.

பிப்ரவரி 3, ஞாயிறு

காலையில் வீடு மெழுகினோம், மத்தியானம் முகம் மெழுகினோம். அம்மாவே போட்டுவிட்டாள். சித்தி சொன்னபடி தட்டவில்லை, பூசினாள். பஃபைத் தொடவில்லை. தன் விரலால். விரல் அந்த இடத்தில் நின்று நின்று போனதை நான் கண்ணாடியில் பார்த்தேனே தவிர உணரவில்லை.

வந்தவர்கள்: பையன், அவர் அம்மா, கைக்குழந்தையோடு அக்கா, தரகர்.

பையனின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். "வெக்கத்தப் பாரேன், கன்னமெல்லாம் செவந்து கீது," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா எல்லாரையும்விடச் சத்தமாக.

அவர் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "வேலைய விட வேணாம். எங்க ஊர்லயும் ஸ்கூல் கீது." அவர்மேல் அரக்கு வாசனை. தபால் பைக்கு முத்திரை வைத்து வைத்து ஊறியிருக்கும்.

எனக்குப் பிடித்துவிட்டது. சுற்றி வளைப்பானேன், பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

அவர்களுக்கும் பிடித்துவிட்டதாம். பங்குனியில் கல்யாணம். அடுத்த ஞாயிறு அக்கா குழந்தைக்கு மகாபலிபுரத்து அம்மன் கோயிலில் காது குத்து. பெண்ணையும் கூட்டி வாருங்கள், எங்கள் மனிதர்கள் பார்க்கட்டும் என்றார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அங்கே போவதா என்று அப்பா முனகினார். கோயிலுக்குத்தானே என்றாள் அம்மா.

பிப்ரவரி 5, செவ்வாய்

வசந்தா ரூஜ் போட்டுக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். அந்த பஃப். என் கன்னத்தில் பட்ட பஃப்.

பிடித்து நிறுத்தினேன். விளையாட்டு மாதிரி மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து அவள் கன்னத்தில் வைத்தேன். இரண்டு பக்கமும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கழுவ விடாமல்.

"யக்கா எரியுது! விடு! யக்கா எரியுது!"

எனக்கு வந்த சந்தோஷம்! அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பைத்தியமா பிடித்திருக்கிறது என்று என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள். அம்மா வந்து அவள் கன்னத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஓங்கி ஒன்று வைப்பாள் என்று நின்றேன். வைக்கவில்லை. "ரெண்டு பக்கமும் எரிஞ்சிச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பஃபை அடுப்பில் போட்டேன். எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று வசந்தாவிடம் சொன்னோம். மூன்று நாள் பேச மாட்டாள்.

பிப்ரவரி 10, ஞாயிறு

காலை பஸ். திருக்கழுக்குன்றத்தில் கூட்டம், நின்றபடி மகாபலிபுரம். சவுக்குத் தோப்பு தாண்டியதும் காற்றில் உப்பு. வியர்வைக்கு ரூஜ் நிற்குமோ என்று வழியெல்லாம் அம்மாவுக்குக் கவலை. முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டே வந்தாள்.

கோயில் வாசலில் அவர்கள் ஆட்கள் ஏகப்பட்ட பேர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆசாரி குழந்தைக்குக் காது குத்தினார். அது வீறிட்டு அழுதது. தாய்மாமன் மடியிலிருந்து துள்ளியது, பாட்டியிடம் நிற்கவில்லை. "வரப்போற அத்தகிட்ட குடு, நிக்குதா பாப்போம்," என்று யாரோ சொல்ல, என் மடியில் போட்டார்கள்.

நின்றது. இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஈரக் கன்னத்தை என் வலது கன்னத்தில் வைத்து அழுத்தி, விம்மி விம்மி அடங்கியது. பிள்ளைப் பால் வாசனை. கன்னத்தின் அந்த இடத்தில் மட்டும் குழந்தை இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

தூக்கிப் பார்த்தால் அதன் கன்னத்தில் சிவப்பாக அப்பியிருந்தது.

"அத்த குடுத்த முத்தம் டோய்!" ஒரே சிரிப்பு. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயில் கிணற்றடிக்கு ஓடினேன். தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் தேய்த்தேன். குழந்தை மறுபடி வீறிட்டது. அவர் பின்னாலேயே வந்துவிட்டார்.

"வுடுங்க, தானா போயிடும். கொழந்த தோலு."

அப்போது சொன்னேன். என் முகத்தையும் கழுவிவிட்டுச் சொன்னேன். காட்டினேன். ஊக்கு, சுண்ணாம்பு, டாக்டரம்மா, எல்லாம். கோவையாகச் சொன்னேனா தெரியாது.

அவர் குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். பிடுங்கினார். பத்தடி போய் நின்று, குழந்தையைத் தோளில் போட்டு, அதன் கன்னத்தைத் தன் சட்டையால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "இன்னா காரியம்டி பண்ண," என்றாள், ஒரே தடவை. செங்கல்பட்டு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 13, புதன்

மூன்று நாளாக வாசலில் காலடி கேட்டால் உள்ளறைக்குப் போய்விடுகிறேன். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

தரகர் இன்று வந்தார். ஜாதகத்தை வேறு இடத்தில் காட்டினார்களாம், ஏதோ தோஷமாம், பையன்தான் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். அவன் அம்மாவுக்கே புரியவில்லையாம். "அவ்ளோ புடிச்சிருந்த பையன், திடீர்னு இன்னா பேஜாரோ தெரியல."

ஆக, யாரிடமும் சொல்லவில்லை. அப்பா ஜாதகக்காரனைத் திட்டினார். அம்மா உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள். வேளை கெட்ட வேளையில்.

நல்ல மனிதர். பொய் சொல்லி எங்கள் மானத்தைக் காப்பாற்றினார். அதற்காக நன்றி சொல்ல வேண்டும். எனக்கு நினைவில் நிற்பதெல்லாம் அந்தச் சட்டைத் துணிதான். இதில் அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? நானும் பஸ்ஸில் நகர்ந்து இடம் விட்டதில்லை. இருந்தாலும் கோபம் வருகிறது.

சாப்பிடும்போது கவனித்தேன். என் தட்டு தனியாக, கவிழ்த்து, ஜன்னலில். யார் வைத்தது என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

வெயில் காலையிலேயே. ஹெட்மிஸ்ட்ரஸிடம் பல் வலி என்று லீவு. வெளியாட்களைப் பார்க்கும் நாள்.

அம்மாவும் வருகிறேன் என்றாள். நான் முகம் கழுவிப் பொட்டு மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். ரூஜ் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"போட்டுக்கோ. பஸ்ல நாலு பேரு பாப்பாங்க."

"டாக்டர் அதத்தானேம்மா பாக்கணும்."

"டாக்டர் பாக்கட்டும். ஊரு இன்னாத்துக்குப் பாக்கணும்?"

போட்டுக்கொண்டேன். அவளோடு சண்டை போடுகிற தெம்பு இல்லை.

அந்த நிறுத்தத்தில் இறங்கினோம். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தான். அம்மா கேட் வரைகூட வரவில்லை. எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வேறு யாரோ மாதிரி நின்றுகொண்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது வேறெங்கோ பார்த்தாள்.

உள்ளே நீள பெஞ்சு. பெண்கள். சிலர் முக்காடு. பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள். ஒரு நர்சு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள போறதுக்கு முன்ன மூஞ்சிய கழுவிட்டுப் போம்மா. அதோ, அங்க."

எனக்கு உடம்பு கூசியது. இதெல்லாம் எப்போதும் போடுவதில்லை, இன்றைக்குத்தான், என்று ஏதோ உளறினேன்.

"அதுக்கின்னாம்மா? எல்லாரும் பூசிகினுதான் வராங்க," என்றாள், சாதாரணமாக.

மூலையில் முக்காலிமேல் ஒரு எனாமல் பேசின், பக்கத்தில் குடம், செம்பு. குனிந்தேன். எனக்கு முன்னால் கழுவியவர்களின் தண்ணீரை இன்னும் கொட்டவில்லை. ரோஜா நிறத்தில் இருந்தது.